ஜாங்கோ இன்ஸ்டால் ஆகலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். காலேஜில் படிப்பவர்கள், படித்து முடித்து வீட்டில் இருப்பவர்கள், ஒரு ரப்பர் கடைக்காரர். வெப்சைட் கட்டுவதற்கு ஜாங்கோ படிக்க வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டும் இடங்களும் எல்லாருக்கும் ஒன்றேதான். ஃபோனில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை ஃபோனில் சொல்வதுபோல ஒலிப்பாக எழுதியிருக்கிறேன். தட்டுவது கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்பு விண்டோவில் (ஸ்டார்ட்டில் ‘சிஎம்டி’ அடித்தால் வரும்), ஆங்கிலச் சின்ன எழுத்தில். குழப்பம் வருகிற சொல்லை எழுத்துக் கூட்டியும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் விண்டோஸுக்கு, இங்கே வருகிறவர்களிடம் இருப்பது அதுதான்.

1. அக்கா, இன்ஸ்டால் ஆச்சுங்குது. டெஸ்க்டாப்ல ஐகானே வரல்லியே?

வராது. ஜாங்கோ தனியாகத் திறந்து பார்க்கிற சாஃப்ட்வேர் இல்லை. வெப்சைட் கட்டுவதற்காகப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம்களின் தொகுப்பு அது, நூலகம் என்பார்கள். கட்டளை அடித்தால்தான் அசையும். உள்ளே இருக்கிறதா என்று பார்க்க `பைத்தான் -எம் ஜாங்கோ --வெர்ஷன்` என்று அடியுங்கள். ஓர் எண் வந்தால் இருக்கிறது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு பேர் ஆரம்பித்த வேலை இது. 2005-ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார்க் கலைஞரின் பெயர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுத்துக் கூட்டும்போது டி, ஜே, ஏ, என், ஜி, ஓ. முதல் டி வாயில் வராது, விரலில் வர வேண்டும். ஜே-யில் ஆரம்பித்து அடித்துவிட்டு ‘அப்படி ஒண்ணு இல்லேங்குது’ என்று வந்தவர்கள் உண்டு. பெயர் தப்பினால் இல்லை என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, அதே சாயலில் வேறு யாரோ ஏற்றிவைத்த எதுவோ இறங்கிவிடக் கூடாது.

2. முதல்ல எதை இறக்கணும்? பைத்தானா ஜாங்கோவா? எந்த வெர்ஷன்?

முதலில் பைத்தான், அதன் சொந்தத் தளத்திலிருந்து. 2025 டிசம்பரில் வந்த ஜாங்கோ 6.0-க்குப் பைத்தான் 3.12 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதனால் 3.12 அல்லது 3.13 போட்டால் நிம்மதி.

இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், ‘ஆட் பைத்தான் டு பாத்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு மேலே உள்ள ‘இன்ஸ்டால் நவ்’-ஐ அழுத்துங்கள். அவசரத்தில் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் விட்டவர்களுக்காகத்தான் அடுத்த கேள்வி. காலேஜ் லேபில் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால், பக்கத்திலேயே இருக்கும் அட்மின் அனுமதி டிக்கை எடுத்துவிடுங்கள். உங்கள் லாகினுக்கு மட்டும் இறங்கும், அது போதும்.

3. பைத்தான் இட்டாச்சு. ஆனா பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தெறக்குது. இது என்னவாக்கும்?

நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் விண்டோஸ் தன்னிடம் உள்ள ஒரு ஃபோல்டர் பட்டியலில் வரிசையாகத் தேடும். அந்தப் பட்டியலுக்குத்தான் பாத் என்று பெயர். நீங்கள் போட்ட பைத்தான் பட்டியலில் இல்லை. ஆனால் ஸ்டோருக்கு வழி காட்டுகிற ஒரு போலிப் பைத்தானை விண்டோஸே அங்கே வைத்திருக்கிறது. அது முந்திக்கொள்கிறது.

இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, ‘மாடிஃபை’ போய், ‘ஆட் பைத்தான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ்’ என்று தேடி, பைத்தான் பெயரில் இருக்கும் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, திறந்திருக்கும் கறுப்பு விண்டோவை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய விண்டோ பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். ‘நீங்க சொன்னது ஒண்ணும் வேலைக்காகல்ல’ என்று திரும்ப வருபவர்களில் நிறையப் பேர் இந்தக் கடைசி வேலையை விட்டவர்கள்.

4. நீங்க சொன்னதைத்தான் அடிச்சேன் சேச்சி. சின்டாக்ஸ் எர்ரருங்குது.

(களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சேச்சி.) வரியின் தொடக்கத்தில் `>>>` என்று மூன்று அம்பு இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பைத்தானுக்கு உள்ளே நிற்கிறீர்கள். பிப் (பைத்தான் நூலகங்களை இறக்கித் தரும் கருவி) கட்டளை விண்டோஸோடு பேசுவது, பைத்தானுக்கு அது புரியாது. `எக்ஸிட்()` அடித்து வெளியே வந்து, ஃபோல்டர் பெயரும் ஒற்றை அம்பும் தெரிகிற இடத்தில் அதே கட்டளையை அடியுங்கள்.

இந்தப் பக்கத்தில் இருக்கிற பாதிக் கேள்விக்கும் மூலம் இதுதான்: எந்த விண்டோவில் நிற்கிறீர்கள், எந்தப் பைத்தானோடு பேசுகிறீர்கள், எந்த ஃபோல்டரில் இருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டால் நான் கேட்பதும் இந்த மூன்றைத்தான்.

5. வாட்ஸாப்ல வந்ததை அப்படியே காப்பி பண்ணி இட்டேன். அதுவும் தப்பாம்.

அப்படியே வந்திருக்காது. இரண்டு சின்னக் கோட்டை வாட்ஸாப்பும் வேர்டும் சில நேரம் ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு எழுத்து. கையால் தட்டுங்கள். முதல் மாதம் அதுதான் நல்லது, விரலுக்கும் பழகும்.

தமிழ் கீபோர்டை மாற்ற மறந்துவிட்டு ‘எழுத்தே வரல்ல’ என்பவர்களும் உண்டு. டாஸ்க்பாரில் பாருங்கள்.

6. வென்வ் கட்டாயமா? நேரா இன்ஸ்டால் பண்ணா என்ன கெட்டுப் போவும்?

இன்றைக்கு ஒன்றும் கெடாது. மூன்று மாதம் கழித்து இரண்டாவது ப்ராஜெக்டுக்கு வேறு வெர்ஷன் போடும்போது முதலாவது படுத்துவிடும். ஒரே அடுப்பில் மீன்குழம்பும் பாயசமும் வைக்கலாம், பாத்திரம் வேறாக இருக்க வேண்டும். அந்தப் பாத்திரம்தான் வென்வ்: வி, ஈ, என், வி.

ப்ராஜெக்டுக்கு என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். சி டிரைவில் நேரடியாக, குட்டிப் பெயரில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். ஒன்டிரைவுக்குள் போகும் டெஸ்க்டாப் வேண்டாம், அது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை மேலே ஏற்றிக்கொண்டே கிடக்கும். அந்த ஃபோல்டருக்குள் போய் `பைத்தான் -எம் வென்வ் வென்வ்`. முதல் வென்வ் வேலையின் பெயர், இரண்டாவது உண்டாகப்போகும் ஃபோல்டரின் பெயர். பிறகு `வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்`. வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் வென்வ் என்று வந்துவிட்டால் பாத்திரம் அடுப்பில் ஏறிவிட்டது. அடுத்து `பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ`.

வீடியோக்களில் ‘சோர்ஸ்’ என்று தொடங்கும் ஆக்டிவேட் கட்டளை வரும். அது லினக்ஸுக்கும் மேக்குக்கும். நமக்கு இல்லை.

7. ஆக்டிவேட் அடிச்சா செவப்பு எழுத்துல பாலிசி, ஸ்கிரிப்ட் டிசேபிள்டுன்னு என்னமோ வருது. வைரஸா?

வைரஸ் இல்லை. நீங்கள் நிற்பது பவர்ஷெல் என்ற வேறொரு கட்டளை விண்டோ. தெரியாத ஸ்கிரிப்டை ஓட்டக் கூடாது என்று விண்டோஸ் அதற்குப் பூட்டு போட்டிருக்கிறது. சுலபமான வழி: அதை மூடிவிட்டு ஸ்டார்ட்டில் ‘சிஎம்டி’ அடித்து கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அங்கே ஆக்டிவேட் செய்வது. நான் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பவர்ஷெல்தான் வேண்டும் என்றால் `செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரன்ட்யூசர்` என்று ஒருதடவை அடித்தால் போதும், உங்கள் லாகினுக்கு மட்டும் பூட்டு தளரும். ‘அன்ரெஸ்டிரிக்டட்’ போடச் சொல்லும் வீடியோவைக் கேட்காதீர்கள். கதவைச் சாத்தாமல் வைப்பதற்கும் கதவையே கழற்றி வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

8. பிப் பாதியில நிக்குது. டைம் அவுட்னு வருது. எங்க வீடு பேச்சிப்பாறைப் பக்கம், ரேஞ்சே கெடையாது.

பிப் பதினைந்து நொடி பதில் வராவிட்டால் பொறுமை இழந்துவிடும். கட்டளையின் கடைசியில் `--டைம்அவுட் 100` சேர்த்துப் பாருங்கள். மழைநாளில் அதுவும் தேறாது.

அப்போது பென்டிரைவ்தான். நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று நெட் கிடைக்கிற இடத்தில், அதே பைத்தான் வெர்ஷன் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் `பைத்தான் -எம் பிப் டவுன்லோட் ஜாங்கோ -டி மூட்டை` என்று அடித்தால் ‘மூட்டை’ என்ற ஃபோல்டரில் நான்கு ஃபைல் வந்து விழும்: ஜாங்கோ, அதற்குத் துணையான ஏஎஸ்ஜிஐரெஃப், எஸ்க்யூஎல்பார்ஸ், டிஇசட்டேட்டா. எல்லாம் சேர்ந்து 10 எம்பிகூட வராது. வீட்டில் அந்த ஃபோல்டரை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைத்து, வென்வை ஆக்டிவேட் செய்து `பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இன்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் மூட்டை ஜாங்கோ`. நெட்டே வேண்டாம்.

9. நெட் நல்லாத்தான் இருக்கு. சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டுன்னு வருது. மூணு நாளாப் பாக்கேன்.

குளச்சலில் ஒரு பையன் இப்படிக் கூப்பிட்டான். பழைய டெஸ்க்டாப், அவன் அண்ணன் விட்டுவிட்டுப் போனது. பிப்பைப் புதுப்பிக்கச் சொன்னேன், அதற்கும் அதே பிழை. ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னேன், மாறவில்லை. வீடியோவில் பார்த்து, சோதனையே வேண்டாம் என்று ஒரு தளத்தை நம்பச் சொல்லும் கட்டளையை வேறு அடித்துப் பார்த்திருந்தான். கடைசியில் நானே பஸ் ஏறிப் போனேன். உட்கார்ந்ததும் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன்: 2009 ஜனவரி 1.

இணையத் தளங்களின் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. அந்த கம்ப்யூட்டரின் கணக்குப்படி பிப்பிடம் தளம் காட்டிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி நம்பும்? ‘நெட் நல்லாத்தான் இருக்கு’ என்று அவன் சொன்னது கையில் இருந்த ஃபோனில் வாட்ஸாப் ஓடுவதை வைத்து. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் தேதி பின்னால் ஓடிவிடும். துருப் பிடித்த மூடியைத் திறந்தால் உள்ளே கடல்காற்று பட்டுப் பச்சை பூத்துக் கிடந்தது. கடைத்தெருவில் 2032 என்ற எண்ணுள்ள பேட்டரி வாங்கி மாட்டி, தேதியைச் சரிசெய்தோம். பிப் முதல் அடியிலேயே இறங்கிற்று.

அதனால் சர்டிஃபிகேட் என்று கண்ணில் பட்டால் முதலில் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால், காலேஜ் நெட் போல இடையில் நின்று வடிகட்டும் நெட்டாக இருக்கலாம். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஒருதடவை முயன்று பாருங்கள்.

10. அப்டேட் பண்ணும்போ கரண்ட் போச்சு. இப்போ ‘இன்வேலிட் டிஸ்ட்ரிபியூஷன்’னு ஒரு வார்னிங். பேர்ல டி-யைக் காணோம்!

நல்ல கண். பழைய ஜாங்கோவை நீக்கும்போது பிப் அதன் ஃபோல்டர் பெயரில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு ஓர் அலைக்குறி போட்டு ஒதுக்கி வைக்கும். வேலை முடிந்ததும் அழிக்கும். நடுவில் கரண்ட் போனால் அந்த அரைகுறை ஃபோல்டர் அங்கேயே கிடக்கும்.

தேடித் துடைக்க வேண்டாம். வென்வ் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு 6-வது பதிலில் சொன்னபடி புதிதாக உண்டாக்குங்கள். நீங்கள் எழுதிய கோடு (அதாவது புரோகிராம்) அதற்கு வெளியே இருக்கிறது, ஒன்றும் ஆகாது. வென்வுக்குள் கோடு எழுதி வைத்தவர்கள் மட்டும் முதலில் அதை வெளியே எடுக்கவும். (சிரிக்காதீர்கள், இரண்டு பேர் வைத்திருந்தார்கள்.)

11. சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டுன்னு வந்துச்சு. ஓட்டினா ‘நோ மாட்யூல் நேம்ட் ஜாங்கோ’. ரெண்டுல எது பொய்?

இரண்டுமே உண்மை. ஒரு பைத்தானில் இறங்கியது, இன்னொரு பைத்தான் ஓடுகிறது. ஸ்டோரில் ஒன்று, தளத்திலிருந்து ஒன்று, எப்போதோ அனகோண்டா என்ற மென்பொருள் தொகுப்போடு வந்த ஒன்று என்று ஒரே லேப்டாப்பில் மூன்று பைத்தானைப் பார்த்திருக்கிறேன். `வேர் பைத்தான்` அடித்தால் எங்கெங்கே இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். மேலே வருவதுதான் ஓடும். பவர்ஷெல்லில் வேர் என்பதோடு டாட் இஎக்ஸ்இ சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் வராது.

மேலே வருவது உங்கள் ப்ராஜெக்டின் வென்வ் இல்லையா? ஆக்டிவேட் செய்யவில்லை என்று பொருள். ஒவ்வொரு புது விண்டோவிலும் அதைச் செய்ய வேண்டும், நேற்றுச் செய்தது இன்றைக்கு நிற்காது. நான் வெறும் `பிப்` என்று அடிக்காமல் `பைத்தான் -எம் பிப்` என்றே சொல்லிக்கொடுப்பதும் இதனால்தான்: எந்தப் பைத்தான் ஓடப்போகிறதோ அதிலேயே இறங்கும். ப்ராஜெக்ட் உண்டாக்கும் `ஜாங்கோ-அட்மின்` கட்டளை தெரியாது என்று வந்தாலும் இதே கதை. `பைத்தான் -எம் ஜாங்கோ` என்று அடித்தால் அதே வேலை நடக்கும்.

விஎஸ் கோடு என்ற எடிட்டரில் இம்போர்ட் வரிக்குக் கீழே மட்டும் கோடு விழுகிறது, கமாண்டில் ஓடுகிறது என்றால், அந்த எடிட்டர் வேறு பைத்தானைப் பார்க்கிறது. ‘செலக்ட் இன்டர்ப்ரெட்டர்’ போய் வென்வில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

12. மேல சொன்ன எல்லாம் சரியா இருக்கு. ஆனா ‘ஜாங்கோ ஈஸ் நாட் எ பேக்கேஜ்’ங்குது.

உங்கள் ஃபோல்டரில் ஜாங்கோ டாட் பிஒய் என்று ஒரு ஃபைல் இருக்கும். பழகிப் பார்க்க நீங்களே அந்தப் பெயரில் சேமித்திருப்பீர்கள். பைத்தான் பக்கத்தில் இருப்பதையே முதலில் எடுக்கும். பெயரை மாற்றுங்கள்.

13. ப்ராஜெக்ட் பேரை ஏத்துக்க மாட்டேங்குது. பூ-கடைன்னுதான் வச்சேன்.

நடுவில் சின்னக் கோடு கூடாது. பைத்தானுக்கு அது கழித்தல்குறி. இடைவெளியும் எண்ணில் தொடங்குவதும் ஆகாது. சேர்த்து பூக்கடை என்றோ, அடிக்கோடு போட்டோ வையுங்கள். ‘டெஸ்ட்’, ‘ஜாங்கோ’ என்ற பெயர்கள் ஏற்கெனவே பைத்தானுக்குள் இருப்பதால் அவற்றையும் ஏற்காது. எல்லாரும் முதலில் வைக்கும் பெயர் டெஸ்ட்தான்.

14. மேனேஜ் டாட் பிஒய் ஃபைலே இல்லேங்குது. கண்ணுக்கு முன்னால கெடக்கு!

உங்கள் கண் முன்னால் கிடக்கிறது, கமாண்ட் விண்டோ நிற்கும் இடத்தில் இல்லை. `பைத்தான் -எம் ஜாங்கோ ஸ்டார்ட்ப்ராஜெக்ட் பூக்கடை` அடித்தால் பூக்கடை என்று ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள்ளே இன்னொரு பூக்கடை. பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு முற்றத்தைத் தாண்டினால் இன்னொரு முற்றம் வருமே, அதுபோல. மேனேஜ் ஃபைல் வெளி முற்றத்தில் இருக்கும், செட்டிங்ஸ் உள் முற்றத்தில். `டிஐஆர்` அடித்தால் நிற்கும் இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். மேனேஜ் தெரியவில்லை என்றால் `சிடி பூக்கடை` என்று ஒரு படி உள்ளே போங்கள், அல்லது `சிடி ..` என்று ஒரு படி வெளியே வாருங்கள்.

15. கூட்டுக்காரனுக்கு ஜாங்கோ 6 வந்திருக்கு. எனக்கு ஒரே கட்டளைக்கு 4.2 வருது. நெட்டு சதியா?

உங்கள் பைத்தான் பழசு. பிப் உங்களிடம் இருக்கும் பைத்தானுக்கு ஒத்துவரும் ஜாங்கோக்களில் புதியதை எடுக்கும். 3.8, 3.9 வைத்திருந்தால் 4.2-தான் எல்லை, 3.10, 3.11 என்றால் 5.2. அந்த 5.2 நீண்டகால ஆதரவு வெர்ஷன், 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அதனால் பதற வேண்டாம்.

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு: பைத்தான் 3.8-க்கு மேல் அதில் ஏறாது. பழகிப் பார்க்க அது போதும், ஆனால் அதில் கட்டியதை வெளி உலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

16. ரன்சர்வர் அடிச்சேன். அப்படியே நிக்குது. செவப்புல வேற என்னமோ 18-ன்னு வருது. ஹேங் ஆயிட்டா?

நிற்கத்தான் வேண்டும். `பைத்தான் மேனேஜ்.பிஒய் ரன்சர்வர்` என்பது கடையைத் திறந்து உட்காருவது. ஆள் வந்தால்தான் எழுந்து பதில் சொல்லும். அந்த விண்டோவை மூடினால் கடையும் மூடிவிடும். வேறு கட்டளை அடிக்க இன்னொரு விண்டோ திறந்து, ஆக்டிவேட் செய்து அடியுங்கள்.

18 என்று வருவது டேட்டாபேஸில் இன்னும் போடாத அட்டவணை மாற்றங்கள். பிழை இல்லை. `பைத்தான் மேனேஜ்.பிஒய் மைக்ரேட்` ஒருதடவை அடித்தால் போய்விடும். நிறுத்துவதற்கு ‘கன்ட்ரோல் பிரேக்’ என்று சொல்லும். நம் லேப்டாப்பில் அந்தப் பட்டனே இருக்காது. கன்ட்ரோலோடு சி போதும்.

17. 127.0.0.1:8000 போட்டேன். பக்கம் வரல்ல. எல்லாம் சரியா இருந்தா ஜாங்கோவோட முதல் பக்கத்துல பச்சை ராக்கெட் படம் வரும்னீங்களே?

பிரௌசரின் முகவரிப் பட்டியைப் பாருங்கள். முன்னால் தானாக ‘எச்டிடிபிஎஸ்’ போட்டிருக்கும். பழகும் சர்வருக்குக் கடைசி எஸ் தெரியாது. அந்த எஸ்ஸை எடுத்து மறுபடி போடுங்கள். அப்புறம் சர்வர் ஓடும் விண்டோவை மூடிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

8000 வேறு எதற்காவது போயிருந்தால் ‘போர்ட் இன் யூஸ்’ என்றோ அனுமதி இல்லை என்றோ வரும். `ரன்சர்வர் 8001` என்று அடித்து முகவரியிலும் 8001 போடுங்கள். விண்டோஸில் சில நேரம் பிழைகூட வராது. நேற்றுத் திறந்து மறந்துபோன சர்வரே பதில் சொல்லிக்கொண்டிருக்கும், நீங்கள் கோடை மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள், பக்கம் மாறாது. எல்லாக் கறுப்பு விண்டோவையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறங்கள்.

ராக்கெட்டைப் பார்த்ததும் மகேந்திரகிரியா என்று கேட்காத பிள்ளை இந்தத் திண்ணையில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இஸ்ரோ எஞ்சினைச் சோதிக்கும் ஊர்க்காரர்கள் நாம், வேறென்ன கேட்போம்.

18. வீட்டுல அம்மாகிட்ட ஃபோன்ல காட்டணும். லேப்டாப்புல வர்றது ஃபோன்ல வரமாட்டேங்குது.

127.0.0.1 என்றால் ‘நானே’ என்று பொருள். ஃபோனில் போட்டால் ஃபோன் தன்னையே தேடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்தாலும் சரி. `ஐபிகான்ஃபிக்` அடித்து ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரை `ரன்சர்வர் 0.0.0.0:8000` என்று ஓட்டுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் ‘பிரைவேட்’ என்பதற்கு அனுமதி கொடுங்கள்.

ஃபோனில் அந்த முகவரியோடு :8000 சேர்த்துப் போட்டால் இப்போது மஞ்சள் பக்கத்தில் ‘டிஸ்அலவ்டு ஹோஸ்ட்’ வரும். நல்லது, சர்வர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். செட்டிங்ஸில் ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ என்ற வெற்றுப் பட்டியலுக்குள் அந்த முகவரியை மேற்கோள்குறியோடு எழுதுங்கள். லேப்டாப்பிலும் பார்க்க வேண்டுமே, அதனால் 127.0.0.1-ஐயும் சேர்த்து எழுதுங்கள். காலேஜ் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே முயன்று நேரத்தைக் கெடுக்க வேண்டாம்.

19. தோவாளைப் பூச்சந்தை ரேட்டை காலை 6 மணிக்குப் பதிஞ்சேன், ராத்திரி 12.30-ன்னு காட்டுது. டைம்சோன்ல நாகர்கோவில்னு போட்டா எர்ரர்.

செட்டிங்ஸில் முதலில் இருப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இந்தியா முழுவதற்கும் ஒரே பெயர்தான்: `ஏஷியா/கொல்கத்தா`. ஏ-யும் கே-யும் பெரிய எழுத்தில். பக்கத்திலேயே மொழிக்குறி இருக்கும், அதில் டி, ஏ என்ற இரண்டு சின்ன எழுத்துப் போட்டால் அட்மின் பக்கத்தில் பல சொற்கள் தமிழில் வரும், எல்லாம் வராது.

பூப்பெயர்கள் கேள்விக்குறியாக வருகிறது என்றால் பழைய நோட்பேடு ‘ஏஎன்எஸ்ஐ’ முறையில் சேமித்திருக்கும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. போன எழுத்து திரும்பி வராது, மறுபடி தட்டி, ‘சேவ் ஆஸ்’-ல் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

20. புது லேப்டாப் வாங்கினேன். ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல கொண்டுவந்து இட்டேன். ஒண்ணும் ஓடல்ல.

வென்வ் இடம் மாறாது. உண்டான இடத்தின் முழு முகவரியைத் தன் ஃபைல்களுக்குள் எழுதி வைத்திருக்கும். ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினாலேகூட ஆக்டிவேட் குழம்பும்.

பழைய லேப்டாப்பில் ஆக்டிவேட் செய்து `பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி` என்று அடித்தால், என்னென்ன எந்த வெர்ஷனில் இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். வென்வை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொண்டுபோங்கள். புதியதில் 2-வது, 6-வது பதில்களின்படி பைத்தானும் வென்வும் போட்டு, `பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி`. டேட்டாபேஸ் ஒரே ஃபைல், அதுவும் கூடவே வந்திருக்கும்.

21. நேத்து ராக்கெட் வந்துச்சு அக்கா. இன்னிக்கு நானா ஒரு பக்கம் எழுதினேன், ராக்கெட்டையும் காணோம், 404-ங்குது. மறுபடி இன்ஸ்டால் பண்ணவா?

வேண்டாம். ராக்கெட் காட்டுவது நீங்கள் ஒரு வழியும் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் வரி) எழுதாத வரைக்கும்தான். யுஆர்எல்ஸ் ஃபைலில் பூக்கள் என்று ஒரு வழி எழுதினீர்கள், ஆனால் வெறும் முகவரிக்கு ஒன்றும் எழுதவில்லை. அந்த மஞ்சள் பக்கத்தைக் கீழே வரை படியுங்கள். எந்தெந்த வழியைத் தேடிப் பார்த்தேன் என்று அதுவே வரிசையாகச் சொல்லியிருக்கும். முகவரியின் கடைசியில் அந்தப் பெயரைச் சேர்த்துப் போடுங்கள், உங்கள் பக்கம் வரும். அடுத்த சனிக்கிழமை வரும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டே வாருங்கள்.